சனிக்கிழமைத் துப்பாக்கி

"திருடனுக்கு மூளை இருக்கா இல்லையா, முதல்ல அதச் சொல்லுங்க மேடம்," என்றான் ஹரிபிரசாத். "கடையில இருந்ததுலயே சல்லிசான துப்பாக்கி. அதையும் ரெண்டு பேர் மூணு வருஷமா தேய் தேய்னு தேய்ச்சிருக்காங்க. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா தேய்ஞ்சே காணாமப் போயிருக்கும். திருட வேண்டிய வேலையே இல்ல."

அக்னெஸ் சிரிக்கவில்லை. பஸ் ஜன்னலுக்கு வெளியே ஜான்-டலோன் தெரு மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. மரங்களில் பாதி இலை, தரையில் மீதி இலை. ஒக்டோபர் வந்தாலே அவளுக்கு ஒரு சலிப்பு வந்துவிடும். இனிமேல் ஆறு மாதம் கதவைச் சாத்திக்கொண்டு இருக்க வேண்டும், சாத்திய கதவைத் தட்டவும் ஆள் கிடையாது.

வயது ஐம்பத்தைந்து. யாழ்ப்பாணத்துப் பாஷையூரில் பிறந்தவள். மொன்றியாலில் தனியார் துப்பறிவாளராக உரிமம் எடுத்து, தெப்பனர் என்று இங்கே சொல்லும் ஒரு மூலைப் பெட்டிக்கடைக்கு மேலே அறை பிடித்து, காப்புறுதிக்காரர்களுக்கும் கணவன்மாரைத் தொலைத்தவர்களுக்கும் வேலை செய்கிறாள். தன் கணவரை மட்டும் அவளால் தேட முடியாது. அவர் கோட்-டெ-நெய்ஜ் கல்லறையில் இருக்கிறார். மகன் வான்கூவரில் இருக்கிறான், ஞாயிறுகளில் பேசுவான், சில ஞாயிறுகளில் மறந்துவிடுவான்.

ஹரிபிரசாத் சென்னைப் பையன். இங்கே எம்.எஸ். படித்து, வேலை கிடைத்து, அந்த வேலையும் போய், அக்னெஸிடம் உதவியாளனாக ஒட்டிக்கொண்டவன். கணினி தெரியும், பிரெஞ்சு தெரியும், வாயை மூடத்தான் தெரியாது.

"வாடிக்கையாளர் சொன்னதைத் திருப்பிச் சொல்லு," என்றாள் அக்னெஸ். "பகிடி இல்லாமல்."

"பகிடி இல்லாம எனக்கு மூச்சு வராது மேடம். சரி, சொல்றேன்."

முதல் நாள் காலை அலுவலகத்துக்கு வந்த அருமைராசா சொன்ன கதை இதுதான். அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. விமான உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் லேத் வேலை. பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு வீட்டின் கீழ்த்தளமும் பேஸ்மென்டும் அவருக்கு. தனி ஆள். சுடும் பயிற்சிக் கழகம் ஒன்றில் உறுப்பினர். மூன்று வருடத்துக்கு முன், துருக்கியிலிருந்து இறக்குமதியான மலிவான கைத்துப்பாக்கி ஒன்றை முறைப்படி லைசென்ஸோடு வாங்கினார். சுட்டுத் தள்ளுவதற்காக அல்ல, பிரித்துப்போட்டுத் தன் கையால் திருத்துவதற்காக.

"விலை கூடினதை வாங்கினா தொட மனம் வராது தங்கச்சி," என்று அவர் விளக்கியிருந்தார். "மலிவானதெண்டா பயப்பிடாமல் அரத்தை வைக்கலாம். இரும்பு நல்ல இரும்பு, வேலைதான் மோசம். விளிம்பெல்லாம் கையை வெட்டும். கைப்பிடி பிளாஸ்டிக். அதை எடுத்து வடிவாக்கிறதுதான் எங்கட விளையாட்டு."

அந்த "எங்கட" என்ற சொல்லில் இன்னொருவர் இருந்தார். கழகத்தில் பழக்கமான மைக்கல். அவருக்கு மரவேலை தெரியும். அருமைராசா இரும்பைப் பார்க்க, மைக்கல் கைப்பிடிக்கு மேப்பிள் பலகை இழைத்தார். சனிக்கிழமை தவறாமல் வருவார், பின்னேரம் போவார். மூன்று வருடம் அப்படியே ஓடியது. போன சனிக்கிழமை காலை அருமைராசா பெட்டகத்தைத் திறந்தார், துப்பாக்கியைக் காணவில்லை. பெட்டகத்துக்கு ஒரே சாவி. அது சமையலறையில் எந்த டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது என்று தெரிந்த மற்ற ஆள் மைக்கல் மட்டுமே.

துப்பாக்கி தொலைந்தால் பொலிசுக்கு உடனே சொல்ல வேண்டும். அருமைராசா சொல்லவில்லை. சொன்னால் மைக்கலைப் பிடித்துவிடுவார்கள் என்று தயங்கினார். "ஒரு நாள் தாறன் அண்ணை," என்று அக்னெஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். "பேந்து நீங்கள் சொல்லாட்டி நானே சொல்லுவன்."

அந்த ஒரு நாள் இன்றுதான்.

மைக்கல் வேலை செய்யும் சந்தையில் பூசணிக்காய்க் காலம். ஒரு கடை முழுக்க ஆரஞ்சு நிறத்தில் மலைபோலக் குவித்து வைத்திருந்தார்கள். அதன் நடுவே ஏப்ரன் கட்டி, பெட்டி தூக்கிக்கொண்டிருந்தவர்தான் மைக்கல். நாற்பத்தைந்து வயதிருக்கும். வாடிக்கையாளப் பெண் ஒருத்திக்கு "மெர்சி" சொல்லி அனுப்பிவிட்டுத் திரும்பியவர் இவர்களைக் கண்டதும் கையைத் துடைத்தார்.

"நீங்கள்தான் டிடெக்டிவ் அக்காவோ?"

"ஓம். ரெண்டு நிமிசம் கதைக்கலாமோ?"

"அண்ணை நான் எடுத்தன் எண்டு சொன்னவரோ?"

"சொல்லேல்லை. வேற ஆர் எடுத்திருப்பினம் எண்டும் சொல்லேல்லை."

"அது ரெண்டும் ஒண்டுதான் அக்கா," என்றார் மைக்கல்.

ஹரிபிரசாத் ஏதோ சொல்ல வாயெடுத்து, அந்த முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு பூசணிக்காயைத் தட்டிப் பார்க்கப் போய்விட்டான்.

"சனிக்கிழமைகளில அங்க என்ன செய்வீங்கள்?" அக்னெஸ் கேட்டாள்.

"வேலை செய்வம். அவர் இரும்பு, நான் மரம். மத்தியானம் சமைப்பார். நல்ல உறைப்பு. ரேடியோ பாடும்."

"என்ன கதைப்பீங்கள்?"

மைக்கல் யோசித்தார். "பெரிசா ஒண்டும் கதைக்கிறேல்லை. கதைக்காமல் இருக்க ஒரு இடம் வேணும்தானே. என்ர அறையிலயும் நான் கதைக்கிறேல்லை. ஆனா அது வேற மாதிரி."

அக்னெஸுக்கு அந்த "வேற மாதிரி" நன்றாகவே தெரியும். தெரிந்ததைக் காட்டிக்கொள்ளாமல் அடுத்த கேள்விக்குப் போனாள்.

"இன்னும் எவ்வளவு வேலை கிடக்கு அதில?"

"கிடக்கு," என்று மட்டும் சொன்னார் மைக்கல். பிறகு குரல் மாறியது. "அக்கா, எனக்கு ஐஞ்சு மணிக்கு வேலை முடியும். முடிஞ்ச கையோட பொலிசுக்குப் போறன். அவர் போகாட்டி நான் போறன். எனக்கும் லைசென்ஸ் இருக்கு. இவ்வளவு காலமும் அவற்ற வீட்டில சாப்பிட்டுப்போட்டு, கள்ளன் எண்ட பேரோட என்னால இருக்கேலாது."

திரும்பிப் போகும் வழியில் ஹரிபிரசாத் கேட்டான், "போலீஸ் வந்தா என்ன மேடம் ஆகும்?"

"மைக்கல் எடுத்திருந்தா மைக்கல் உள்ள போவான். எடுக்கேல்லை எண்டாலும், துவக்கைத் துலைச்சுப்போட்டு மூண்டு நாள் வாய் திறக்காமல் இருந்த குற்றத்துக்கு அருமைராசாவின்ர லைசென்ஸ் போகும், வழக்கு வரும். எப்பிடிப் பாத்தாலும் இந்த ரெண்டு பேரும் இனி ஒரு மேசையில இருந்து சாப்பிட மாட்டினம்."

"அஞ்சு மணிக்குள்ள கண்டுபிடிக்கணும்."

"ஓம். பஸ் வருது, ஓடு."

மணியடிக்கக் கை வைக்கும் முன்பே அருமைராசா கதவைத் திறந்துவிட்டார். நன்றாகச் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார்.

"வாங்கோ, வாங்கோ. சாப்பிட்டனீங்களோ?"

அக்னெஸ் செருப்பைக் கழற்றிக்கொண்டே அந்தக் கேள்வியை மனதில் குறித்துக்கொண்டாள். பொருளைப் பறிகொடுத்தவன் வாசலில் கேட்கும் முதல் கேள்வி ஒன்று உண்டு: கிடைத்ததா? இந்த மனிதர் அதைக் கேட்கவே இல்லை. மேசையில் மூன்று கோப்பைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. சமையலறையிலிருந்து தேங்காய்ப்பால் சொதி வாசம் வந்தது. வேலைக்கு லீவு போட்டுவிட்டு இடியப்பம் பிழிந்திருக்கிறார்.

"முதல் பேஸ்மென்டைப் பாப்பம் அண்ணை. சாப்பாடு பேந்து."

பேஸ்மென்ட் பளிச்சென்று இருந்தது. நீள மேசை, அதன் ஓரத்தில் பிடிகுறடு, சுவரில் உயரவரிசையில் தொங்கும் அரங்கள், ஒரு மூலையில் சாம்பல் நிறப் பெட்டகம், மேசைக்கடியில் இழுப்பறைகள் வைத்த இரும்புக் கருவிப்பெட்டி. எல்லாவற்றிலும் காய்ந்த சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம். அரத்துக்குப் பொட்டு, சுத்தியலுக்குப் பொட்டு, சுவரில் இருந்த மின்விளக்கு ஸ்விட்சுக்கும் பொட்டு.

"ஆயுத பூஜை!" ஹரிபிரசாத் குதூகலமாகிவிட்டான். "எங்கம்மாவும் இப்படித்தான் மேடம். மிக்ஸி, கேஸ் சிலிண்டர், தண்ணி மோட்டார், ஒண்ணையும் விட மாட்டாங்க. ஒரு வருஷம் அப்பா சோபாவுல தூங்கிட்டு இருந்தாரு. எந்திரிச்சுப் பார்த்தா அவர் நெத்திலயும் பொட்டு. வேலை செய்யாத பொருளுக்கு எதுக்குடி வச்சேன்னு அவரே கேட்டாரு."

அருமைராசா வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு வெளியே வந்த விதத்தைப் பார்த்தால் அது ரொம்ப நாள் உள்ளே கிடந்தது போலிருந்தது.

"ஓம் தம்பி. போன புதன்கிழமை பின்னேரம் பூசை வைச்சனான். ஒரு சாமானும் விடேல்லை."

அக்னெஸ் வீட்டில் மாதா படம்தான். ஆனாலும் பக்கத்து வீட்டுக் கடலையும் அவலும் தின்று வளர்ந்தவள், பூசைக்குப் புதியவள் அல்ல. "துவக்குக்கும் வைச்சனீங்களோ?" என்று கேட்டாள்.

சிரிப்பு நின்றது. "துவக்கோ? அது... அது சேஃபுக்குள்ள இருந்தது. அதால சேஃபுக்கு வைச்சனான்."

அக்னெஸ் பெட்டகத்தின் முன் குந்தினாள். முழங்கால் முறையிட்டது. பெட்டகக் கதவில் பழைய ரகப் பூட்டு. அதன் மேல் கட்டைவிரலால் அழுத்தி வைத்த சந்தனம், காய்ந்து கல்லாகி, ஒரு வெடிப்பும் இல்லாமல் வட்டமாக உட்கார்ந்திருந்தது. ஊரில் பெட்டகத்துக்குப் பொட்டு வைப்பவர்கள் பூட்டைப் பார்த்துத்தான் வைப்பார்கள். அருமைராசாவின் கையும் அந்தப் பழக்கத்தில்தான் போயிருக்கிறது.

"சாவியைத் தாங்கோ அண்ணை."

சாவியை வாங்கிப் பூட்டுக்கு நேரே கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள்.

"பொட்டு வைச்சது புதன்கிழமை."

"ஓம்."

"சனிக்கிழமை காலமை இதைத் திறந்து பாத்தனீங்கள்."

"ஓம்..." அருமைராசாவின் பார்வை பூட்டுக்குப் போனது.

"சாவி போற ஓட்டையை இந்தச் சந்தனம் மூடிக்கொண்டு நிக்குது. கதவைத் திறந்திருந்தா இது உடைஞ்சிருக்க வேணும். உடையேல்லை. திறக்காத பெட்டிக்குள்ள துவக்கு இல்லை எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

ஹரிபிரசாத்துக்கு வழக்கில் எதிர்வாதம் வைப்பதும் ஒரு பொழுதுபோக்கு. "திறந்து பார்த்துட்டு மறுபடியும் வச்சிருக்கலாமே மேடம்?"

"களவு போன பெட்டிக்கு ஆரடா திருப்பிப் பொட்டு வைப்பினம்?" அக்னெஸ் மேசையின் அடியைக் காட்டினாள். "அந்தக் கருவிப்பெட்டியைப் பார். மேல் இழுப்பறைப் பொட்டு சரியா இருக்கு. அடி இழுப்பறைப் பொட்டு பாதி உதிர்ந்து, மிச்சம் விரல்பட்டு இழுபட்டுக் கிடக்கு. பூட்டின பெட்டியைத் திறக்கவே இல்லை எண்டுது சந்தனம். அந்த இழுப்பறையை அடிக்கடி திறந்திருக்கினம் எண்டும் அதுவே சொல்லுது."

அருமைராசா சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னச் சாவியை எடுத்து நீட்டினார்.

அடி இழுப்பறையில், வெள்ளைத் துணியில் சுற்றி, விசையில் பூட்டுப் போட்டபடி அது இருந்தது. அக்னெஸுக்குத் துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஊரில் பார்த்த துவக்குகளை மறக்கவே அவளுக்கு இவ்வளவு காலமாயிற்று. ஆனால் இது அந்த வகையில் சேரவில்லை. விளிம்புகள் எல்லாம் மழுங்கி, இரும்பு மெல்லிய நீலத்தில் மின்னியது. கைப்பிடியில் தேன் நிற மேப்பிள், அதில் நுணுக்கமாகச் செதுக்கிய சதுரங்கள். இதில் இனி எந்த இடத்தில் அரம் வைத்தாலும் பழுதாகிவிடும் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது.

ஹரிபிரசாத் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தான்.

"முடிஞ்சுது," என்றாள் அக்னெஸ்.

"முடிஞ்சு கனநாளாச்சு தங்கச்சி." அருமைராசா ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். "மைக்கலுக்குச் சொல்லேல்லை. ஒவ்வொரு சனியும் ஒரு குறை கண்டுபிடிச்சன். இந்த மூலை கொஞ்சம், அந்த மூலை கொஞ்சம் எண்டு. புதன்கிழமை பூசைக்கு எடுத்து வைச்சுப் பாத்தன். ஒரு குறையும் மிச்சமில்லை. அப்பதான் பயம் வந்தது. சனிக்கிழமை அவன் பாத்தா, சரி அண்ணை முடிஞ்சுது, நான் வாறன் எண்டு போயிடுவான். எடுத்து ஒளிச்சுப்போட்டு, கைபோற போக்கில சேஃபுக்குப் பொட்டை வைச்சுட்டன்."

"இன்னொண்ணு வாங்கிட்டா போச்சு சார்," என்றான் ஹரிபிரசாத் மெதுவாக. "இதே மாதிரி சல்லிசா. மறுபடியும் மூணு வருஷம்."

"வாங்கேலாதே தம்பி. நான் இதை வாங்கின அந்த வருசமே தடை வந்திட்டுது. எங்களைப் போல ஆக்கள் கைத்துவக்கு வாங்கவும் ஏலாது, கைமாத்தவும் ஏலாது. இருக்கிறதை வைச்சிருக்கலாம், அவ்வளவுதான். இதுதான் கடைசி." அவர் கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினார். "வீட்டில துவக்கு வைச்சிருக்கிற ஆள் எண்டு சனம் எட்டியும் பாக்கிறேல்லை. இவன் ஒருத்தன்தான் வந்தவன். காணாமப் போனா தேட வேணும்தானே? தேடுறதுக்கு ரெண்டு மூண்டு சனி வருவான் எண்டு நினைச்சன். அவன் பொலிஸ், பொலிஸ் எண்டு நிண்டதாலதான் உங்களிட்ட ஓடி வந்தன். அவனைக் கள்ளனாக்குவன் எண்டு நான் யோசிக்கவே இல்லை."

அக்னெஸுக்கு இந்த மனிதர்மேல் கோபம் வந்தது. அதைவிடப் பெரிதாக இன்னொன்றும் வந்தது. நேற்று அலுவலகத்தில் இவர் சொன்ன கதையை, அரை மணியில் கேட்டு முடித்திருக்கக்கூடிய கதையை, அவளும்தானே தேத்தண்ணி ஊற்றிக்கொடுத்து மத்தியானம் வரை கேட்டாள்?

"எழும்புங்கோ," என்றாள். "முதல் இதை இருக்க வேண்டிய இடத்தில வையுங்கோ."

அருமைராசா பெட்டகப் பூட்டுக்குள் சாவியை அழுத்தினார். சந்தனம் துண்டு துண்டாக உடைந்து தரையில் விழுந்தது. துப்பாக்கி உள்ளே போனது, கதவு பூட்டப்பட்டது.

"இனி மைக்கலுக்கு அடியுங்கோ. அவன் பொலிசுக்குப் போறதுக்கு முதல் உண்மையைச் சொல்லுங்கோ. நான் சொல்ல மாட்டன். நீங்கள்தான் சொல்ல வேணும்."

அவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்ததால் ஹரிபிரசாத்தான் வாங்கி எண்ணை அழுத்தி, போனை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டான். மறுமுனையில் சந்தை இரைச்சல் கேட்டது.

"மைக்கல், நான்தான். அது களவு போகேல்லை. நான்தான் எடுத்து ஒளிச்சு வைச்சனான். அது முடிஞ்சுது மைக்கல். முடிஞ்சா நீ வரமாட்டாய் எண்டு..."

இரைச்சல் குறைந்தது. மைக்கல் எங்கோ ஒதுங்கிப் போகிறார் போலும்.

"எனக்குத் தெரியும் அண்ணை."

"என்ன தெரியும்?"

"அது முடிஞ்சுது எண்டு. கோடையிலேயே முடிஞ்சிட்டுது. பிறகு நான் தேய்ச்சதெல்லாம் சும்மா. சாண்ட் பேப்பரைத் திருப்பிப் பிடிச்சுக்கொண்டு, வழுவழுப்பான பக்கத்தால தேய்ச்சனான். நீங்கள் பாக்கேல்லை."

அருமைராசா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"நீயும் தெரிஞ்சுகொண்டே வந்தனியோ?"

"வராமல் எங்க போறது?" மைக்கலின் குரல் உடைந்து, பிறகு இறுகியது. "ஆனா என்னைக் கள்ளன் எண்டு நினைக்க விட்டுப்போட்டீங்கள். மூண்டு நாள் நான் நித்திரை கொள்ளேல்லை. 'சும்மா வாடா' எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா காணும் அண்ணை. துவக்கு ஒண்டும் தேவையில்லை."

"இப்ப சொல்லுறன் மைக்கல். சும்மா வா. சனிக்கிழமை வா."

மறுமுனையில் ஒரு பெட்டியை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது.

"இந்தச் சனி நான் வரேல்லை," என்றார் மைக்கல். "பொலிசுக்கும் போகேல்லை. மற்றது பேந்து பாப்பம்."

போன் அடங்கியது. அருமைராசா இருண்ட திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முகத்தைத் துடைத்துவிட்டு, வீட்டுக்கு வந்தவர்களை நிற்க வைத்துவிட்டோமே என்ற அவசரத்தோடு திரும்பினார்.

"இடியப்பம் ஆறிப்போகும். உங்களுக்கு வேலை கிடக்கும், நான் மறிக்கேல்லை. தேத்தண்ணியாவது..."

துப்பாக்கி கிடைத்துவிட்டது. வழக்கு முடிந்தது. இந்த வீட்டில் இனி ஒரு நிமிடம் இருப்பதற்கும் அக்னெஸிடம் ஒரு காரணமும் கிடையாது. அவளுடைய பிளாட்டில் இருக்கும் ஒரே குரல் தொலைக்காட்சியினுடையது. அதுவும் பிரெஞ்சில் பேசும். அவள் ஹரிபிரசாத்தைப் பார்த்தாள். அந்தப் பையன் அதற்குள் படியேறிப் போய், மேசையில் கவிழ்த்திருந்த மூன்று கோப்பைகளையும் நிமிர்த்தி வைத்தான்.

"வேலை ஒண்டும் இல்லை அண்ணை," என்றாள் அக்னெஸ். "சொதியைச் சூடாக்குங்கோ. நாங்கள் இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போவம்."